பட்டாளத்துக் கத்திக்குப் புதுப் பிடி

அந்தக் கத்தியை ஒரு வாரத்துக்கு என்று சொல்லி வாங்கினேன். என் குறிப்பேட்டின்படி அது என் வீட்டில் நூற்று நாற்பத்தொரு நாள் இருந்தது. 1958ஆம் வருஷம் காணும் பொங்கலன்று வாங்கியது. வைகாசி முடிவதற்குள் திருப்பிக் கேட்டு ஆள் வந்துவிட்டது. "ரெண்டு மாசம் இருக்குமா?" என்றுதான் வந்த ஆளிடம் சொன்னேன். தேதி விஷயத்தில் நான் தெரிந்தே பொய் சொன்னது மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று.

கத்தி என் மாமனாருடையது. அவர் இறந்தபின் என் மனைவியின் அண்ணனிடம் இருந்தது. அவர்கள் ஊர் விழுப்புரத்துக்கு மேற்கே, கெடார்ப் பக்கம். சொந்த நிலம், சொந்தக் கிணறு, இரண்டு ஜோடி மாடு. நான் திண்டிவனத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். காலையில் ஒரு சாய்வு மேசை, மை, முத்திரைத்தாள், மாலையில் வாசகசாலை. கல்யாணமான நாளிலிருந்தே மைத்துனருக்கு என்னைப் பிடிக்காது. வெயில் படாத கை என்பார். எழுத்துத் தெரியாத மனிதர் என்பதால் நானும் அவரைப் பொருட்படுத்தியதில்லை.

யுத்த காலத்தில் கூட்டேரிப்பட்டில் வந்து நின்ற ராணுவ லாரியிலிருந்து ஒரு சிப்பாய் இறங்கி, ஒரு முறம் வறுத்த மல்லாட்டை என்னும் வேர்க்கடலைக்குப் பதிலாக அந்தக் கத்தியை மாமனாரிடம் கொடுத்தானாம். வீட்டில் அதற்குப் 'பட்டாளத்துக் கத்தி' என்று பெயர். அலகு ஏழு அங்குலம். பிடிதான் விசேஷம். மரமோ கொம்போ இல்லை. அலகுக்குப் பின்னால் நீளும் தட்டையான இரும்புக் காம்பில் வட்டமான தோல் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, கடைசியில் ஓர் இரும்புக் குமிழைச் செருகி, குறுக்கே ஆணி அடித்து இறுக்கியிருந்தார்கள். மாமனாரின் உள்ளங்கை பட்டுப்பட்டு அந்தத் தோல் புளியங்கொட்டைபோலக் கறுத்து மின்னியது. நடுவிரல் படியும் இடத்தில் ஒரு சிறு பள்ளம்கூட இருந்தது.

அலகின் அடியில் சில எழுத்துகள் பொறித்திருந்தன. தேய்ந்துபோன அந்த எழுத்துகளைப் படித்து, எந்தப் படையின் கத்தி, எந்த வருஷத்தது என்று கண்டுபிடிப்பதற்காகவே வாங்கினேன். வாசகசாலையில் இரண்டு நாள் தேடினேன். பிறகு வேறு ஏதோ புத்தகத்தில் மனம் போய்விட்டது. கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

கேட்டு வந்த ஆளை அனுப்பிவிட்டு அந்தப் பொட்டலத்தைப் பிரித்தபோது அலகு முழுதாக இருந்தது. பிடியில் முக்கால்வாசியை எலி தின்றிருந்தது. மேலேயிருந்து நான்கு வில்லைகளும் குமிழ்ப் பக்கம் இரண்டும் தப்பியிருந்தன. நடுவில் இருந்தவை எல்லாம் பல் பட்டுப் பிய்ந்து, உள்ளே துருவேறிய காம்பு தெரிந்தது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். அப்போது அவளுக்கு நாலாம் மாதம். "போச்சு" என்றாள். "அண்ணனுக்கு இது எப்படின்னு உங்களுக்குத் தெரியாது."

"ஒரு கத்திப் பிடிதானே?"

"எங்கப்பா கைங்க அது."

நான் அன்று செய்திருக்க வேண்டியது கெடாருக்குப் போய் நேரில் சொல்வது. நான் செய்தது ஒரு தபால் கார்டு எழுதியது. பத்திரம் எழுதும் கை. அது பத்திரமாகவே வந்தது. 'மேற்படி கத்தியின் பிடியில் தங்கள் குடும்பத்தார் வழக்கமாகத் தடவிவந்த விளக்கெண்ணெயின் வாடையே எலிகளை ஈர்த்தது என்பதால், நேர்ந்த சேதத்துக்கு இதை எழுதுபவன் பொறுப்பாளி ஆகான்' என்று முடித்திருந்தேன். முடித்ததும் ஒருமுறை படித்துப் பார்த்து ரசித்தேன் என்பதையும் எழுத வேண்டும். மைத்துனருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். கார்டு எங்கே, யார் வாயால் படிக்கப்படும் என்று நான் யோசிக்கவில்லை. டீக்கடையில், ஏழெட்டுப் பேர் நடுவில், தபால்காரர் உரக்கப் படித்திருக்கிறார். 'பொறுப்பாளி ஆகான்' என்ற இடத்தில் யாரோ சிரித்தார்களாம். அது பிறகு அந்த ஊரில் ஒரு வாடிக்கைப் பேச்சாகிவிட்டது. மாடு வரப்பில் மேய்ந்தாலும் 'பொறுப்பாளி ஆகான்' என்று மைத்துனரின் காதுபடச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆனி மாதம் ஒரு காலை அவரே வந்தார். வாசற்படியில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை.

"கத்தியைக் காட்டு" என்றார். என்னை அவர் 'நீ' என்றது அதுதான் முதல் முறை.

காட்டினேன். பிடியைத் தொடாமல் அலகைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"பதினாலு வருஷம் எங்கூட்டுல ஆணியில தொங்கிக்கினு இருந்துது. அங்க எலி இல்லியா? எங்க ஊரு எலியெல்லாம் விரதமா?"

"எண்ணெய் போட்டிருந்ததால்..."

"எண்ணெய் போட்டதாலதான் அது இத்தினி வருஷம் இருந்துது. போடாம இருந்தா ஒன்னை மாதிரி காஞ்சி வெடிச்சிருக்கும்."

"அண்ணே" என்றாள் என் மனைவி.

"நீ சும்மா இரு. ஒரு வாரம்னு வாங்கினு வந்தான். ஒரு எலி இவன் பொஸ்தவத்துல ஒரு ஏட்டைக் கடிச்சா ஊரைக் கூட்டுவான். எங்கப்பன் கத்தின்னா இளக்காரம். அதுக்குக் கார்டு வேற."

"கார்டில் தப்பாக ஒன்றும் எழுதவில்லை" என்றேன். அவரிடமும் நான் எழுத்துத் தமிழில்தான் பேசினேன். அது அவரை மேலும் எரிச்சலாக்கும் என்று தெரிந்தேதான்.

அவர் கத்தியைப் படியின்மேல் வைத்தார். தங்கையைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து அல்ல. "ஒம்போதாம் மாசம் ஒனக்கு வளகாப்பு வரும். வளையலும் சோறும் எடுத்துக்கினு அண்ணங்காரன் நான்தான் வந்து அழைக்கணும். இந்தக் கத்தி கை புடிக்கிறாப்புல பழையபடி என் கையில வந்து சேரட்டும். வர்றேன். சேரலன்னா இந்தப் படிய மிதிக்க மாட்டேன். டீக்கடையில அத்தினி பேரு முன்னால சொல்லிட்டு வந்திருக்கேன்."

வேறு ஊர்க்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் பெண் தானாகப் போகக் கூடாது. பிறந்தவீட்டு ஆண்பிள்ளை வந்து முறையாகக் கேட்டு அழைத்துப் போக வேண்டும். அழைக்காமல் போனால் போக்கிடம் இல்லாமல் வந்தவள் என்று பேசுவார்கள். மாமியார் மகன் சொல்லைத் தாண்டாதவர். என் மனைவிக்கு அப்போது இருபது வயது. பிரசவம் என்றால் அவளுக்குப் பயம். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றைத்தவிர அவள் அந்த வருஷம் வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை.

அண்ணன் போனபின் அவள் கத்தியை எடுத்து என் மேசைமேல், மைப்புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் கத்தி. எனக்குத்தான் வயிறு" என்றாள்.

நான் உடனே ஒன்றும் செய்யவில்லை. கெஞ்சுவதாக ஆகிவிடுமே என்று ஆடி முழுவதும் விட்டேன். ஆவணியில் நானே காம்பின்மேல் சணல் கயிற்றை இறுக்கிச் சுற்றிப் பார்த்தேன். அது துடைப்பக்கட்டை மாதிரி இருந்தது. மனைவி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். புரட்டாசி பிறந்தபோது நாள்காட்டியை எண்ணினேன். வளைகாப்புக்கு ஐப்பசி ஏழு என்று அவர்கள் வீட்டில் குறித்திருப்பதாக மாமியார் சொல்லியனுப்பியிருந்தார். நாள் குறித்தாயிற்று, அழைக்க ஆள் வருமா என்பது மட்டும் கத்தியின் பிடியில் நின்றது.

திண்டிவனம் பஸ் நிற்கும் இடத்தருகே ஒரு புளியமரத்தடியில் செருப்புத் தைப்பவர் ஒருவர் இருந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி நான் அவரை 'வா, போ' என்றேன். அவர் என்னை 'சார்' என்றார். அந்த 'சார்' மரியாதையில்லை என்பது இரண்டு வாக்கியத்துக்குள் தெரிந்துவிட்டது.

"எலி நல்லா ருசி பாத்துருக்குது" என்றார், கத்தியைத் திருப்பிப் பார்த்து. "புடி புதுசா கோக்கணும். மாட்டுத்தோலா, எருமைத்தோலா? இப்பவே சொல்லிடுங்க சார். அப்புறம் தெரியாம தொட்டுட்டேன், தீட்டுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"எது நல்லதோ அதைப் போடு."

"நல்லதா? நான் ஒங்க ஊட்டுக்குள்ள வர்றது நல்லதில்ல. நான் அறுத்த தோலு மட்டும் ஒங்க கையில இருக்கலாம். ஆவட்டும், எருமையே போடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. "பேச்சு வேண்டாம், வேலையைப் பாரு" என்றேன்.

"வேலையத்தான் சார் பாக்கறேன். நீங்கதான் குந்திக்கினு என்னைப் பாக்கறீங்க."

நான் எழுந்து போகவில்லை. எப்படிச் செய்கிறார் என்று குறித்துக்கொள்ளும் ஆசை அவமானத்தைவிடப் பெரிதாக இருந்தது. நான்கு நாள், ஆபீஸ் நேரம் போக மற்ற நேரம், அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் குமிழில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு கல்லில் வைத்து, ஒரு பழைய ஆணியால் குறுக்காணியைத் தட்டி வெளியே தள்ளினார். குமிழ் கழன்றதும் எஞ்சிய வில்லைகளை ஒவ்வொன்றாக உருவினார். நான் அவற்றை வாங்கி, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, வரிசை எண் போட்டேன். அவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"எலும்பு பொறுக்கறாப்புல பொறுக்கறீங்களே. பால் எப்ப சார் ஊத்தறது?"

பக்கத்தில் வெற்றிலை விற்றவர் சத்தமாகச் சிரித்தார்.

காம்பின் துருவை உப்புத்தாளால் தேய்த்தார். செருப்பின் அடியில் போடும் கெட்டித் தோலிலிருந்து சதுரத் துண்டுகள் அறுத்தார். ஒவ்வொன்றிலும் காம்பின் தட்டையான வடிவத்துக்குத் துளை. துளை கொஞ்சம் சின்னதாகவே இருக்க வேண்டும், தட்டித்தான் ஏற்ற வேண்டும் என்றார். இருபத்து மூன்று துண்டுகள் ஏறின. ஒவ்வொன்றுக்கும் நடுவில், தச்சர்கள் காய்ச்சுகிற வஜ்ஜிரப் பசையைச் சூடாகத் தடவினார். எல்லாம் ஏறியதும் குமிழை அடித்து இறக்கி, ஆணியைச் செலுத்தி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கயிற்றால் முறுக்கி, இரண்டு நாள் காயவிட்டார். அப்போது அது ஒரு சதுரக் கட்டை. அதை அறுப்புக் கத்தியால் செதுக்கி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, கைக்கு அடங்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தார். கடைசியில் தேன்மெழுகைத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினார்.

கையில் வாங்கிப் பார்த்தேன். பிடி பிசகாமல் நின்றது. குறைசொல்ல ஒன்றுமில்லை. "பழசு மாதிரி கறுப்பாக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"கறுப்பு பூசித் தர்றேன். பழசா ஆக்க எனக்குத் தெரியாது சார். யாரு கையோ அது. அந்தக் கையக் கொண்டாங்க."

கறுப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளம்பும்போது அவர் கூப்பிட்டார். "சார், ஒண்ணு கேட்டுக்கினு போங்க. வஜ்ஜிரம் போட்டுக் கட்டிருக்கேன். தண்ணி மட்டும் காட்டிடாதீங்க. ஊற வெச்சா பசை உட்டுடும், தோலும் எளகிடும், புடி கைக்குள்ள திரும்பிக்கும். எண்ணெய்னா மேலால தொட்டுத் தடவலாம். தண்ணி ஆவாது."

அதை அன்றே குறிப்பேட்டில் எழுதினேன். அவர் சொன்ன சொல் மாறாமல்.

புரட்டாசிக் கடைசி ஞாயிறு, காலைப் பாசஞ்சரில் விழுப்புரம் போய், அங்கிருந்து கெடார்ப் பக்கம் போகும் ஒரு வண்டியில் ஏறிக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போனேன். அவர் கிணற்றடியில் இருந்தார். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓடிக்கொண்டிருந்தது. மாடுகள் பின்னால் போகப்போகத் தோல் வாய் வைத்த சால் கிணற்றுக்குள் இறங்கியது. முன்னால் இழுக்க, தண்ணீரோடு ஏறி வாய்க்காலில் கொட்டியது. அந்த வீட்டில் தோல் என்றால் கவலைத் தோல்தான். அது காய்ந்தால் வெடிக்கும். வெடித்தால் இறைப்பு நின்றுபோகும். அதனால் எந்தத் தோல் புதிதாக வந்தாலும் முதலில் ஓர் இரவு கிணற்றுத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மறுநாள் ஈரம் இருக்கும்போதே விளக்கெண்ணெயைத் தேய்ப்பார்கள். சாட்டை வார், மாட்டுக் கழுத்துப்பட்டை, காலில் போடும் செருப்பு, எல்லாவற்றுக்கும் அதே முறைதான்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. என் கல்யாணத்துக்கென்று புதுச்சேரியில் வாங்கிய புதுச் செருப்பை, சம்பந்தி வீட்டு உபசாரமாக மைத்துனரே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். மறுநாள் காலை அதன் அடித்தோல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நலங்குக்கு வந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் வெறுங்காலோடு மறுவீட்டுக்குப் போனேன். தேதி நினைவிருக்கிறது, எழுதவில்லை.

கத்தியை நீட்டினேன். மாட்டை நிறுத்திவிட்டு வாங்கினார். இறுக்கிப் பிடித்தார், தளர்த்தினார், மறுபடி பிடித்தார்.

"கனம் சரியாத்தான் இருக்குது" என்றார். முகர்ந்து பார்த்தார். "நாத்தம்தான் செருப்புக்கடை நாத்தம்."

"எலி தொடாது."

"நக்கல் வேணாம். யாரு செஞ்சது?"

"திண்டிவனத்தில் ஒருத்தன்."

"நல்ல வேலைக்காரன்தான். எதுனா சொன்னானா? எப்படி வெச்சிக்கணும், இன்னா பண்ணணும்னு?"

அவர் கேட்டார். நேராக என் முகத்தைப் பார்த்து, தொழில் தெரிந்த ஒருவன் இன்னொரு தொழில்காரனின் சொல்லைக் கேட்கும் அக்கறையோடுதான் கேட்டார். அந்த அக்கறை என்மேல் இல்லை, இருந்தாலும் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல" என்றேன். பேச்சுத் தமிழிலேயே சொன்னேன்.

"சரி" என்றார். "ஐப்பசி ஏழு. வர்றேன்."

மாமியார் மோர் கொண்டுவந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. அந்தப் பிடி ஊறி, வில்லைகள் ஒன்றொன்றாகப் பிதுங்கி, டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் அவர் கையில் ஆடுவதை நினைத்தேன். வாக்கு கொடுத்துவிட்டார், இனி வந்தே தீர வேண்டும், கத்தியும் கெட்டுப்போகும், கெடுத்ததும் அவர் கையே. பேரணி ஸ்டேஷன் தாண்டும்போது தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்தவர் என்னவென்று கேட்டார். கத்தி என்றால் அது அறுக்கும் என்பது என் நினைவுக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்து, "உன் அண்ணன் வருவார்" என்றேன். மனைவி அன்று மாலையே பெட்டியை இறக்கித் துடைத்தாள். மெத்தென்ற பழைய புடவைகளாகத் தேர்ந்து குழந்தைத் துணிக்குக் கிழித்தாள். அவள் அவ்வளவு பேசி நான் அந்த வருஷம் கேட்டதில்லை.

ஐப்பசி ஏழாம் நாள் விடியும்போதே மழை. காலைப் பாசஞ்சரில் மாமியாரும், உறவில் இரண்டு பெண்களும், மைத்துனரும் வந்தார்கள். பெண்கள் கையில் வளையல் கூடையும் சோற்றுத் தூக்குகளும். மைத்துனர் வலக்கையில் குடை. இடக்கை மணிக்கட்டு வரை துணிக்கட்டு. மஞ்சளும் இரத்தமும் ஊறிக் காய்ந்த கட்டு.

"இன்னாண்ணே கையில?" என்று ஓடினாள் என் மனைவி.

"ஓடாத. மெதுவா வா. ஒண்ணும் இல்ல, கவலைத் தாம்புக் கயிறு அறுத்தேன். நீ போய் மணையில ஒக்காரு."

மைத்துனர் வலக்கையால் வளையல் கூடையை வாங்கிப் படியேறி இறக்கிவைத்துவிட்டு உடனே வெளியே போனார். வளையல் அடுக்குவது பெண்கள் வேலை. உள்ளே பாட்டு நடந்தது. மைத்துனர் எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் குடையை விரித்தபடியே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். "படிய மிதிச்சி வளையல் கூடைய எறக்கிட்டேன். சொன்னது அவ்ளோதான்" என்றார். சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எல்லாம் முடிந்து, என் மனைவி இரண்டு கையும் முழங்கை வரை கண்ணாடி வளையலோடு வாசலுக்கு வந்தபின்தான் அவர் தெருவைத் தாண்டி வந்தார்.

"டாக்டருகிட்ட காட்டினியாண்ணே?"

"காட்டினேன். ரெண்டு வெரலுக்கு நரம்பு போயிடிச்சாம். மடங்காதுன்னாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்ல வேல செஞ்சி குடுத்த. ராத்திரி தண்ணியில போட்டேன், எண்ணெய் தேச்சேன். மூணாம் நாளு ஈரத் தாம்பை இந்தக் கையில புடிச்சிக்கினு அறுக்கறேன், புடி திரும்பிக்கிச்சு. அலகு நேரா இங்க. ஒரு ராத்திரி தண்ணி தாங்காத வேல. ஒன் ஆளுக்குத் தொழிலும் தெரியல, ஒண்ணும் தெரியல."

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அந்த இடத்தில் எவனும் மூடிக்கொண்டிருப்பான். ஆனால் நான்கு நாள் உட்கார்ந்து பார்த்த வேலை அது. ஒவ்வொரு வில்லையாக எண்ணியவன் நான். தப்பான தகவலைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஒருபோதும் முடிந்ததில்லை.

"அவன் வேலையில் குறையில்லை" என்றேன். "வஜ்ஜிரம் போட்ட பிடி. தண்ணீர் காட்டக் கூடாது என்று அவன் அப்போதே சொன்னான்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

மைத்துனர் குடையை மடக்கினார். மழை இன்னும் விடவில்லை. "யாருகிட்ட சொன்னான்?"

நான் வாசற்படியைப் பார்த்தேன்.

"ஏங்க" என்றாள் என் மனைவி. "உங்ககிட்ட சொன்னானா?"

"சொன்னான்."

"எங்கண்ணன் உங்கள ஒண்ணும் கேக்கல இல்ல? கேக்கலன்னு சொல்லுங்க."

"கேட்டேன்" என்றார் மைத்துனர். "கிணத்தாண்ட நின்னுக்கினு, மொகத்தப் பாத்துக் கேட்டேன்."

மாமியார் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். மைத்துனர் என்னை அடிப்பார் என்றே நினைத்தேன். தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு, இடக்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, வளைகாப்பு முடிந்ததும் அண்ணன் கேட்க வேண்டிய கேள்வியை, நாலு பேர் கேட்க, ஒரு சொல் குறையாமல் கேட்டார்.

"தலைப்புள்ளைக்கு என் தங்கச்சிய எங்கூட்டுக்கு அழைச்சிக்கினு போறேன். மாப்ள உத்தரவு குடுக்கணும்."

முறைக்காகச் சொன்ன அந்த 'மாப்ள'தான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி 'மாப்ள'.

"அழைத்துப் போங்கள்" என்றேன்.

என் மனைவி பெட்டியைத் தானே எடுக்கக் குனிந்தாள். நான் எடுக்கப் போனேன். "வெச்சிடுங்க" என்றாள். உறவுக்காரப் பெண் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். ஸ்டேஷன் வரைக்கும் வருகிறேன் என்றேன்.

"வேணாம். புள்ள பொறந்தா சொல்லியனுப்பறேன். ஒடனே கெளம்பி வந்துடாதீங்க." வளையல் கையால் முகத்து மழையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் கையில கட்டு இருக்கற வரிக்கும் அந்த ஊட்டுக்கு வராதீங்க. நான் அங்க அவரு மொகத்தப் பாத்துக்கினு படுத்திருக்கணும்."

கார்த்திகையில் பெண் பிறந்தது. பிறந்த நேரத்தை ஒரு துண்டுத்தாளில் யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் அதைத்தான் முதலில் கேட்பேன் என்று அவளுக்குத் தெரியும். வேறு ஒன்றும் எழுதவில்லை. கட்டு அவிழ்ந்தது என்ற சேதி மார்கழி பாதியில்தான் வந்தது. முதல் குழந்தையை நான் பார்த்தது முப்பத்தாறாம் நாள்.

போனபோது மைத்துனர் வாசலில் வண்டிக்கு நுகத்தடிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் குச்சிபோல விறைத்து நின்றன. முடிச்சு போடும்போதெல்லாம் கயிறு அந்த இரண்டு விரலில் தட்டித் தட்டி நழுவியது. மூன்றாம் முறை நழுவியபோது நான் கயிற்றின் நுனியைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"தொடாத" என்றார்.

கையை இழுத்துக்கொண்டேன். அவர் பல்லால் நுனியைக் கடித்துப் பிடித்து, வலக்கையால் முடிச்சை இழுத்து இறுக்கினார். இறுக்கிய பின்னும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"உள்ள போ. அது முழிச்சிக்கினுதான் இருக்குது."